விளக்கு எரிகிற வீடு

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் தண்ணீர் கேட்பார்கள். இப்போது வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள். நெட் பார்ப்பதற்காக இல்லை. நம் வீட்டு இணைப்பில் சேர்ந்ததும் அவர்கள் போன் திரையின் மூலையில் சின்னதாக ஒரு குத்துவிளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்காக. எரிந்தால் குலவிளக்கு வீடு, நல்ல குடும்பம். எரியாவிட்டால் காபியைக் குடித்துவிட்டு, "ஊருக்குப் போய் போன் பண்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள். போன் வராது.

இந்தக் கூத்து திருச்சியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக்காரரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவர் பெயர் அறவாழி. வேளாண்மைத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மிக்சி வாங்குவதென்றால்கூட ஊரில் இருக்கிற மிக்சி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்; அது முடிவதற்குள் பழைய மிக்சியே பயந்துபோய் சரியாகிவிடும். அப்படிப்பட்ட ஆளிடம் போய் அரசாங்கம் ஒரு புது வேலையைக் கொடுத்தது. இணைப்புக் கம்பெனிகள் இனிமேல் டிஎன்எஸ் வேலையைப் பார்க்கக் கூடாது, ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு பொதுச் சேவையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. மனிதருக்குக் கொண்டாட்டம்தான்.

"டிஎன்எஸ்னா என்னங்க?" என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"நீ ஒரு இடத்தோட பேரைச் சொல்ற. கம்ப்யூட்டருக்குப் பேரெல்லாம் தெரியாது, நம்பர்தான் தெரியும். பேரைக் கேட்டுக்கிட்டு நம்பரைச் சொல்ற ஆளுதான் டிஎன்எஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோக்காரர்கிட்ட வழி கேக்குறோம்ல, அந்த மாதிரி."

"வழி சொல்றதுக்கு எதுக்குங்க இத்தனை கம்பெனி?"

"ஒருத்தன் வேகமாச் சொல்லுவான். ஒருத்தன் நாம எங்கெங்க போறோம்னு எல்லாத்தையும் எழுதி வெச்சுக்குவான். இன்னொருத்தன், அந்தத் தெருப் பக்கம் போகாதீங்க, அங்க திருட்டுப் பசங்க இருக்காங்கம்பான். நமக்கு எந்த ஆள் வேணும்னு நாமதான் பாக்கணும். நம்ம ரெண்டு பேர் சிம் கார்டுக்கும் அதேதான் செல்லும். வீட்டுக்கு ஒண்ணு."

காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்று வேகத்தைச் சோதித்தார். சேவைகளின் நிபந்தனைகளை எல்லாம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். கடைசியில் திறந்தவெளி என்கிற சேவையைத் தேர்ந்தெடுத்தார். கேட்ட பெயருக்கெல்லாம் பதில் சொல்லும். யார் என்ன கேட்டார்கள் என்று எதையும் வைத்துக்கொள்ளாது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

எங்கள் ஒரே பெண் ஆதிரை மதுரையில் வக்கீல். குடும்ப நீதிமன்றத்தில் வாதாடுகிறாள். அங்கேயே விடுதியில் தங்கியிருந்து சனி, ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவாள். வாதாடுவது போதாதென்று இரண்டு தோழிகளோடு சேர்ந்து 'கேட்டுவிடு' என்று ஒரு இணையதளமும் நடத்துகிறாள். கல்யாணமாகிப் போன இடத்தில் கஷ்டப்படுகிற பெண்கள் பெயர் சொல்லாமல் அதில் கேள்வி கேட்கலாம். இவள் சட்டம் என்ன சொல்கிறது என்று எளிய தமிழில் பதில் எழுதுவாள். "ஊர்க் கல்யாணத்தையெல்லாம் பார்த்துக்கிட்டு நம்ம கல்யாணத்தை மறந்துட்டியேடி" என்று நான் திட்டாத வாரம் கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் முகிலன் ஜாதகம் வந்தது. புதுக்கோட்டைக் குடும்பம். பையன் சொட்டுநீர்ப் பாசனக் கருவிகள் செய்கிற கம்பெனியில் வேலை. இவளோடு போனில் இரண்டு மூன்று தடவை பேசியிருந்தான். "பரவாயில்லம்மா, குறுக்க பேசாம கேக்குறார்" என்றாள் ஆதிரை. அவள் வாயிலிருந்து அது பெரிய சர்டிபிகேட். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இந்தச் சம்பந்தம் எப்படியாவது முடிந்துவிட வேண்டும் என்று சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டேன்.

திருமணத் தகவல் மையத்துப் பெண் அதிலும் ஒரு கல்லைப் போட்டாள். "ஜாதகமெல்லாம் அருமையா சேருது மேடம். டிஎன்எஸ்தான் இடிக்குது. அவங்க குலவிளக்கு வீடு. நீங்க திறந்தவெளின்னு போட்டிருக்கீங்க. அவங்கம்மா அதுல ரொம்ப கண்டிப்பு."

என் வீட்டுக்காரர் தன் ஆராய்ச்சியை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அன்றைக்கே குலவிளக்குக்கு மாற்றினார். எனக்கே ஆச்சரியம்.

"எழுதி வெச்சுக்குவான், எழுதி வெச்சுக்குவான்னு பயமுறுத்தினீங்களே?"

"கல்யாணம் முடிஞ்சதும் பழையபடி மாத்திக்கலாம் செண்பகம். இவங்க தடுக்கிறது எதைன்னு பார்த்தேன். சூதாட்டம், ஆபாசம், மோசடி. இதெல்லாம் நமக்கெதுக்கு? கடைசியில குடும்ப நிம்மதின்னு ஒண்ணு இருந்துச்சு."

"அதென்னது?"

"என்னமோ. டிவி சீரியலைத் தடுப்பாங்களா இருக்கும்."

தடுத்தால் நல்லதுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டே 'கேட்டுவிடு'வைத் திறந்தேன். மகள் எழுதுவதை அவ்வப்போது படிப்பேன், அவளிடம் சொல்லமாட்டேன். திரையில் வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. 'இந்தப் பெயரில் எதுவும் இல்லை' என்று இருந்தது. பெயரைச் சரியாகத்தான் அடித்தேனா என்று பார்த்துவிட்டு மறுபடி அடித்தேன். அதே பதில். சரி, கல்யாணப் பேச்சு வந்ததும் அவளே மூடிவிட்டாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, அதைவிட அதிகமாக வருத்தமாக இருந்தது. மூடியதை அவளே சொல்லாதபோது நான் எப்படிக் கேட்பது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். முகிலன், அவன் அப்பா, அம்மா, அக்கா. அப்பா வாயே திறக்காத மனிதர். அவர் பங்கையும் சேர்த்து அம்மா சௌந்தரவல்லி பேசினார். எனக்கு அந்த அம்மாளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கள்ளம் இல்லாத பேச்சு, வீடு அதிர்கிற சிரிப்பு, வரும்போதே ஒரு தூக்கு நிறைய தேன்குழல்.

அக்கா பெயர் புனிதா. திண்டுக்கல்லில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மெலிந்த உடம்பு, யாராவது பேச ஆரம்பித்தால் உடனே தலையாட்டுகிற பழக்கம். வாசலில் அவள் கழற்றிய செருப்பு காலுக்குப் பெரிதாக இருந்தது. நான் அதைப் பார்த்ததை சௌந்தரவல்லி பார்த்துவிட்டார்.

"அது என் செருப்புங்க. இவ செருப்பைத் தொலைக்கிறதையே ஒரு தொழிலா வெச்சிருக்கா. நேத்து ராத்திரி தம்பி கார் எடுத்துட்டுப் போய் கூப்பிட்டு வர்றான், வெறுங்காலோட வந்து இறங்குறா. கேட்டா கோயில்ல போச்சாம். எல்லாரும் கோயிலுக்குப் போறாங்க, இவளுக்கு மட்டும் எந்தக் கோயில்லயும் செருப்பு நிக்க மாட்டேங்குது. நான் எத்தனைதான் வாங்கித் தர்றது!"

எல்லோரும் சிரித்தோம். புனிதாவும் தலையாட்டிச் சிரித்தாள்.

உட்கார்ந்ததும் சௌந்தரவல்லி கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "பாஸ்வேர்டு சொல்லுங்களேன்." என் வீட்டுக்காரர் சொன்னார். விளக்கு எரிந்தது. அந்த அம்மாள் போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

"ஜாதகத்தைக்கூட நான் அவ்வளவு நம்புறதில்லைங்க. வீட்ல இந்த விளக்கு எரிஞ்சா பாதிக் கவலை போச்சு. எங்க வீட்ல இது வந்த நாள்லேருந்து சண்டை சச்சரவு ஒண்ணு கிடையாது. அப்புறம் உங்க பொண்ணைச் சொல்லணும். பேரைப் போட்டுத் தேடிப் பார்த்தோம், தப்பா நினைக்காதீங்க, எல்லாரும் பாக்குறதுதானே. ஒண்ணுமே வரல! ஒரு போட்டோ, ஒரு பேச்சு, ஒண்ணும் இல்ல. வக்கீலுக்குப் படிச்சுட்டு இப்படி இருக்கிற இடம் தெரியாம இருக்கிற பொண்ணு இந்தக் காலத்துல கிடைக்குமா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். ஆதிரையின் பெயரைப் போட்டால் அவள் மேடையில் கத்துகிற வீடியோவே பக்கம் பக்கமாக வரும். குலவிளக்கு தான் மறைத்த பெயரைத் தேடுகிற இடத்திலும் காட்டாது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. கூடவே என் காபி நேரத்து வெள்ளைப் பக்கமும் ஞாபகம் வந்தது. அவள் எதையும் மூடவில்லை.

வாயைத் திறந்து சொல்லலாமா என்று நினைப்பதற்குள் அந்த அம்மாள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். சொல்லாமல் விட்டதில் எனக்கு வசதியும் இருந்தது, மறுக்கவில்லை.

ஆதிரை காபி கொடுத்தாள். முகிலனும் அவளும் மொட்டைமாடியில் பேசிவிட்டு வந்தார்கள். இருவர் முகமும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு புனிதா, "வீட்டைச் சுத்திப் பாக்குறேன்" என்று ஆதிரையோடு பின்கட்டுக்குப் போனாள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று அவர்கள் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கல்ல, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு கேக்குறேன். 'கேட்டுவிடு'ன்னு ஒண்ணு இருக்குன்னு என் கூடப் படிச்சவ சொன்னா. அங்க கேட்டா பதில் சொல்லுவாங்களாம். அது நிஜமா?"

"நிஜம்தான்க்கா. நாங்கதான் நடத்துறோம்."

"இல்ல ஆதிரை, நான் பார்த்தேன். எங்க வீட்லயும் பார்த்தேன், அம்மா வீட்லயும் பார்த்தேன். அப்படி ஒண்ணு இல்லன்னு வருது. யாரோ சும்மா கிளப்பி விட்டதுன்னு விட்டுட்டேன்."

"எப்ப பார்த்தீங்க?"

"ரொம்ப நாளாச்சு. அப்பப்ப ஒரு தடவை போட்டுப் பார்ப்பேன். ஒருவேளை புதுசா ஆரம்பிச்சிருப்பாங்களோன்னு."

புனிதா எங்கள் வைஃபையில் சேர்ந்திருந்த தன் போனில் அடித்துக் காட்டினாள். இந்தப் பெயரில் எதுவும் இல்லை. ஆதிரை தன் போனை எடுத்தாள். அதிலும் அதே பக்கம் வந்தது. தான் நடத்துகிற இடம் தான் பிறந்த வீட்டிலேயே இல்லை என்று பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"அம்மா, யாரும்மா மாத்தினது?"

"அப்பாதான்" என்று முணுமுணுத்தேன்.

"உங்களுக்கு என்ன கேக்கணும், எங்கிட்டயே சொல்லுங்கக்கா" என்றாள் புனிதாவிடம்.

புனிதா கூடத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே அவள் அம்மாவின் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. "வாய்ல வர மாட்டேங்குது. எழுதினா வருமோ என்னவோ. நம்பர் குடுக்காத, போனை அவர் பாப்பாரு."

"அப்ப எழுதுங்க. பேர் வேண்டாம். ஒரு நிமிஷம் இருங்க, இப்ப வரும்."

ஆதிரை நேராகக் கூடத்துக்குப் போனாள். நான் டம்ளரோடு பின்னாலேயே ஓடினேன். இவருடைய லேப்டாப் மோடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எல்லோர் முன்னாலும் அதைத் திறந்து நின்றபடியே எதையோ மாற்றினாள். இவர் "ஆதிரை, இப்ப வேண்டாம்மா" என்று எழுந்தார். அவள் காதில் வாங்கவில்லை.

சௌந்தரவல்லி போனைக் கையில்தான் வைத்திருந்தார். மருமகளாக வரப் போகிறவளின் படம் ஒன்றைத் தங்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்னங்க இது, விளக்கு அணைஞ்சிடுச்சு."



"நான்தான்மா அணைச்சேன்" என்றாள் ஆதிரை. குரலில் மரியாதை குறையவில்லை. "நீங்க என் பேரைத் தேடி ஒண்ணுமே வரலன்னு சந்தோஷப்பட்டீங்க, உள்ள எனக்குக் கேட்டுச்சு. இப்ப தேடிப் பாருங்க, வரும். அதைப் பார்த்துட்டுப் பிடிச்சிருந்தா மேல பேசலாம். பாக்காம முடிவு பண்ணினா அது உங்களுக்கும் ஏமாத்து, எனக்கும் ஏமாத்து."

"அம்மா, அது வெறும் படம்மா. நான் பாக்குறேன்" என்றான் முகிலன்.

"நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல விளக்கு அணையுது, வெறும் படங்கிறான்." அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. "நான் எதையும் தேட மாட்டேன். எனக்கு எதுவும் தெரிய வேண்டாம். புனிதா! எங்க போயிட்டா இவ? கிளம்பு."

புனிதா உடனே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். வாஷிங் மெஷின் மேல் சாய்ந்து, குனிந்து, ஒரு விரலால் வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டார். நான் கூடத்துக்குத் திரும்பி, "பாத்ரூம்ல இருக்கா, வந்துடுவா" என்று சொன்னேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அவர்கள் போனதும் வீட்டில் பெரிய சண்டை. இவருக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"நாலு நாள் பொறுத்திருந்தா என்னம்மா? தடுக்கிறாங்கன்னா தடுத்துட்டுப் போகட்டுமே. உன் தளத்துக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"தடுக்கலப்பா. தடுத்தா பரவாயில்ல. ஆட்டோக்காரர்னு சொன்னீங்களே, அவரு 'அந்தத் தெருவுக்கு நான் வரமாட்டேன்'னு சொல்லட்டும், நான் வேற ஆட்டோ பிடிச்சுக்கறேன். 'அப்படி ஒரு தெருவே ஊர்ல இல்ல'ன்னு சொன்னா? திரும்பிப் போயிடுவேன்ல?"

"எதுக்கு அப்படிச் சொல்றான்?"

"இப்பதான் தேடிப் படிச்சேன், முதல்ல தடுத்திருக்கோம்னுதான் காட்டினாங்களாம். வீட்ல சண்டை வந்துச்சாம், ஏன் அதைத் தேடினேன்னு. புகார் குவிஞ்சிருக்கு. அதான் இல்லைன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. யாருக்கும் சந்தேகம் வராது, சண்டையும் வராது. எங்க தளத்தை எடுத்தது யாரோ ஒரு ஆள்கூட இல்லப்பா. எந்தப் பேரைத் தேடின வீடுகள்ல அப்புறம் கலகம் வருதுன்னு அதுவே கணக்குப் பார்த்து அதுவே எடுத்துடுது. எங்ககிட்ட கேள்வி கேட்டவங்க பாதிப் பேரு கேஸ் போட்டாங்க. அது கலகம்தானே?"

இவர் லேப்டாப்பை மூடினார். மறுபடி அதைத் தொடவில்லை. திறந்தவெளி அப்படியே இருந்தது.

முகிலனைப் பற்றிக் கேட்டேன். "தப்பான ஆள் இல்லம்மா. அவருக்குத் தெரியாது. தெரியாதுங்கிறதும் தெரியாது" என்றாள். அவளுக்கு வருத்தம் இருந்தது. எனக்கு அவளைவிட அதிகமாக இருந்தது. அந்தப் பையன் ஒரு தடவை போன் செய்து மன்னிப்புக் கேட்டான். அம்மாவிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னான்.

ஆதிரை மதுரைக்குப் போன பிறகு 'கேட்டுவிடு'வைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே புதிய கேள்வி ஒன்று இருந்தது.

'என் கணவர் வேலைக்குப் போகும்போது என் செருப்புகளை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுகிறார். கதவைப் பூட்டுவதில்லை. அடிப்பதும் இல்லை. நாங்கள் இருப்பது பெரிய குடியிருப்பு. வெறுங்காலோடு படி இறங்கினால் எங்கே போகிறாய் என்று எல்லோரும் கேட்பார்கள், அவருக்கும் சொல்லிவிடுவார்கள். கேட்டால், கதவு திறந்துதானே இருக்கிறது, உன்னை யார் பிடித்து வைத்தார்கள் என்கிறார். அம்மா வாங்கித் தருவதையும் எடுத்து வைத்துவிடுகிறார். இதைப் போய்க் குற்றம் என்று சொல்ல முடியுமா?'

நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு காதில் கேட்டது.

கீழே ஆதிரையின் பதில் இருந்தது. 'சொல்ல முடியும். இது அடைத்து வைப்பதுதான். குடும்ப வன்முறைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. நீங்கள் சிறிய விஷயத்தைப் பெரிதாக்கவில்லை. எங்கள் அலுவலக முகவரி கீழே இருக்கிறது. வெறுங்காலோடு வந்தாலும் வாருங்கள்.'

உடனே அவளுக்குப் போன் செய்தேன். "அந்தப் பொண்ணு பதிலைப் பார்த்துட்டாளாடி?"

"எந்தப் பொண்ணு?" என்றாள் வக்கீல்.

"ஒண்ணும் தெரியாத மாதிரி பேசாத."

"பதில் எழுதினதுக்கப்புறம் அந்தப் பக்கத்துல கேட்டவங்க வந்து பார்த்த அடையாளம் இல்லம்மா. அவங்க இருக்கிற வீட்ல அது திறக்காது."

"அவங்கம்மாகிட்ட நான் சொல்லிடட்டுமா?"

"சொல்லக் கூடாதும்மா. கேட்டவங்க பேர் சொல்லல. யாருக்கு எது தெரியணும்னு முடிவு பண்றது அவங்க. நாமளே முடிவு பண்ணிட்டா அப்புறம் நமக்கும் குலவிளக்குக்கும் என்ன வித்தியாசம்?"

வக்கீலைப் பெற்றால் இப்படித்தான். பதில் அங்கே எழுதி வைத்தபடி இருந்தது. படிக்க வேண்டியவள் திண்டுக்கல்லில் இருந்தாள். நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். செருப்புக் கடையைத் தாண்டிப் போனால் எனக்கு எரிச்சலாக வந்தது. சௌந்தரவல்லியின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, அழுத்தாமல் போனைக் கீழே வைப்பேன். சமயபுரத்துக்குப் போட்ட வேண்டுதலை அந்தப் பெண் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் நான் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சௌந்தரவல்லி. விளக்கை அணைத்ததற்குத் திட்டத்தான் இத்தனை நாள் கழித்துக் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

"எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தி இருக்கா" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு குரலில் இல்லை. "நேத்து கூப்பிட்டு, நீங்க பார்த்துட்டு வந்த பொண்ணு குடும்பத்தைப் பிரிக்கிற வக்கீலாமே, தப்பிச்சீங்கன்னு சொன்னா. அவ வீட்ல வேற டிஎன்எஸ்ஸு. வா, காட்டுறேன்னா. போனேன். உண்மையைச் சொல்றேன், நல்ல வேளை தப்பிச்சோம்னு சந்தோஷப்படத்தான் போனேன்."

"ம்."

"நாலஞ்சு கேள்வி தள்ளினதும் இருந்துச்சு. செருப்பு."

ஆதிரை சொல்லக் கூடாது என்றது ஞாபகம் வந்து, கையில் இருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? தீபாவளிக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணு, இவளா வரும்போதெல்லாம் ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் கடையில வெச்சே திட்டியிருக்கேன், பொறுப்பில்லாத கழுதைன்னு. உங்க வீட்ல வெச்சு எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினேன். அவளும் சிரிச்சாளே!"

அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்டது. பின்னால் ஹாரன் சத்தமும் ஆட்கள் கூட்டமும் இருந்தன.

"எங்க வீட்ல வெச்சு அவ அதைத் தேடியிருக்கா, இல்ல? என் வீட்லயே தேடியிருக்கா. இல்லன்னு சொல்லியிருக்கு. நான் அந்த விளக்கைத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன், வீடு அமைதியா இருக்குன்னு. அந்தப் பேரு எங்க வீட்ல வரணும்னா என்ன பண்ணணும்? உங்க வீட்டுக்காரரு அதுல கெட்டிக்காரருன்னு சொன்னீங்களே."

இவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். "ரொம்ப சுலபம்மா. மோடத்துல உள்ள போனீங்கன்னா, இடது பக்கம் ஒரு..."

"இருங்க, இருங்க. அதை அப்புறம் எழுதி அனுப்பிடுங்க. திண்டுக்கல் பஸ் வந்துடுச்சு."

"இப்பவா போறீங்க?" என்றேன். "தனியாவா?"

"முகிலன் கார் எடுத்துட்டு வர்றேன்னான். அவன் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் என்னால உக்காந்திருக்க முடியாது. மாப்பிள்ளை ஆபீஸ் போயிருக்கிற நேரமாப் பார்த்துத்தான் போறேன். போய்ப் பேசவெல்லாம் போறதில்ல, கூட்டிட்டு வரத்தான் போறேன். நேரா மதுரைக்கு உங்க பொண்ணு ஆபீஸ்தான். விலாசம் அதுலயே இருந்துச்சு, கையில எழுதிக்கிட்டேன்."

கண்டக்டர் ஊர் பெயரைக் கூவுவது கேட்டது. அந்த அம்மாள் யாரையோ "நகருப்பா" என்று அதட்டிக்கொண்டு படி ஏறினார். மூச்சிரைக்க உட்கார்ந்த பிறகு மறுபடி போனைக் காதில் வைத்தார்.

"பையில ரெண்டு ஜோடி செருப்பு வெச்சிருக்கேன்" என்றார். "ஒரு ஜோடியை யாராவது பிடுங்கிட்டா இன்னொண்ணு இருக்கட்டும்னு."